சைபருக்குக் கீழே போகாது

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

நீ சுகமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே சுகமில்லை.

எழுதுகிற கை யாருடையது என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். உன் அண்ணன்தான். மருந்துக்கடை அம்மாவிடம் சொல்லி எழுத வைக்கலாம் என்றால் மாடிப்படி இறங்க முழங்கால் விடமாட்டேன் என்கிறது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் இவன் ஒருவன். இவனைப் பற்றித்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது. நான் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். எழுதுகிறானா, கிறுக்குகிறானா, எனக்கு எப்படித் தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை பழக் கிடங்கில் பகல் ஷிப்டு இவனுக்கு. இவன் மட்டும்தான். ஆப்பிள் அறை சைபருக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், கீழே போனால் பழம் செத்துவிடும். வாசல் காவலுக்கு இருந்த எனக்கே அது தெரியும். சாயங்காலம் அடுத்த ஷிப்டுக்காரன் வந்து கதவைத் திறந்தால், காற்றடிக்கிற பக்கத்துப் பெட்டிகள் அத்தனையும் உறைந்து கருங்கல். இப்போது அவை இளகிக் கறுத்துக் கூழாகிவிட்டன. நாள் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

நான் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு வயதில் ஒரு மதியம் வாசலில் என் இடத்தில் இவனை உட்கார வைத்துவிட்டுப் பல் பிடுங்கப் போனேன். வாயில் பஞ்சோடு திரும்பி வந்தால் இவன் கேட்டில் சாய்ந்து குறட்டை. சரக்கோடு ஒரு லாரி போயே போய்விட்டது. அது பச்சை லாரி, பின் கதவில் ஒரு தாழ்ப்பாள் கிடையாது. எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலாளி மார்ச் இருபதாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். இவன் வேலை போனால் இந்த இரண்டு அறையும் போகும், கிடங்கு கொடுத்த வீடுதானே. முதலாளி கேட்டால் நான் உள்ளதைச் சொல்வேன். பிள்ளைக்காக நாக்கைப் புரட்டி எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் வந்தால் உன் வீட்டில் இடம் இருக்குமா, அதை மட்டும் எழுது. போனில் சொல்லாதே. போனில் உன் குரல் தகரத்தில் கல் உருட்டுகிற மாதிரி இருக்கிறது.

அப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை அண்ணன்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவான். அண்ணா, தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தாமல் படி.

இங்கே இருப்பது ஒரே அறை. கட்டிலும் மேசையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஆனாலும் வாருங்கள். இடம் இருக்கிறதா என்று அப்பா மகளிடம் கேட்டு எழுதும்படி ஆனதே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தூங்கியிருப்பான் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அதை அவன் வாயாலேயே படிக்க வைக்கிறேன். மன்னித்துக்கொள் அண்ணா. ஆனால் அப்பா, நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் அவன் என்ன சொன்னான் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள். மெஷினை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி புதிதா பழையதா என்றும், அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால் அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடுகிற நிரல்கள் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போகின்றன. "உன் வேலை என்னம்மா" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லி, நீங்கள் கொட்டாவி விட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. இப்போதெல்லாம் சாயங்காலமானால் எனக்கே கொட்டாவிதான் வருகிறது.

பாப்பா


பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

நீ கேட்டாய் என்பதற்காக இவனைக் கேட்டேன். இவன் கதையைக் கேள்.

மதியத்துக்கு மேல் கதவுக்கு வெளியே உள்ள எண் சைபரைத் தாண்டி மைனஸுக்குப் போனதாம். இவன் மெஷினை நிறுத்தினானாம். கொஞ்ச நேரத்தில் அதுவே எழுந்து ஓடியதாம். மறுபடி நிறுத்தினானாம், மறுபடி ஓடியதாம். மதியம் முழுக்க இவனும் மெஷினும் கண்ணாமூச்சி ஆடினார்களாம். மெயின் சுவிட்சைப் பிடுங்க வேண்டியதுதானே என்றேன். அது பூட்டிக் கிடக்கிறது, சாவி மேனேஜரிடம். மேனேஜருக்குப் போன் செய்ய வேண்டியதுதானே என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வள்ளென்று விழுவார் என்று விட்டுவிட்டானாம். இப்போது எல்லோரும் சேர்ந்து விழுகிறார்கள்.

குளிரக் குளிர மெஷின் ஏன் ஓட வேண்டும்? உலகத்தில் எந்த மெஷினும் அப்படி ஓடாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பெட்டி புதிது. போன வருஷக் கடைசியில் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார்கள். அதன்மேல் உள்ள எழுத்தை இவனே பார்த்து எழுதுகிறேன் என்கிறான், கடைசியில் எழுதியிருப்பான். அந்தப் பெட்டியைப் பற்றி இவனுக்கு ஒரு நக்கல் வேறு. "ஓரத்துல ரொட்டிப் படம் போட்டிருக்குப்பா. அடுப்புக்குப் பொறந்ததைக் கொண்டாந்து குளிர்ல கட்டிவச்சா அது என்ன பண்ணும் பாவம்?" என்றான். அறை நிறையப் பழம் அழுகிக் கிடக்கும்போது இவனுக்குச் சிரிப்பு.

எனக்கு அலுத்துப் போய்விட்டது பாப்பா. படுத்தால் தூக்கமில்லை. இந்த வீட்டில் தூக்கம் முழுவதையும் ஒருவனே எடுத்துக்கொண்டான்.

அப்பா


பிப்ரவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணன் தூங்கவில்லை.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி வருவது கொஞ்சம் நீளம். பொறுமையாகக் கேளுங்கள்.

மனிதர்கள் எழுதுகிற நிரல் நேராக மெஷினுக்குப் போகாது. நடுவில் ஒரு மொழிக்கு மாறி, அங்கிருந்துதான் மெஷினுக்குப் போகும். அந்த நடு மொழியில்தான் எனக்கு வேலை. அங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. வகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அளவு மட்டும்தான். எட்டு பிட், பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட் என்று பழப்பெட்டியின் சின்னது பெரியது மாதிரி. ஓர் எண் சைபருக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பது அந்த வகையில் எழுதியிருக்காது. அதை எடுத்துக் கையாளுகிற கட்டளைதான், இதை மைனஸாகப் பார், இதை அப்படிப் பார்க்காதே என்று சொல்லும்.

சின்னப் பெட்டியில் இருக்கிற எண்ணைப் பெரிய பெட்டிக்கு மாற்றும்போது மிச்ச இடத்தை நிரப்ப வேண்டும். மைனஸ் வரக்கூடிய எண் என்றால் ஒரு மாதிரி நிரப்ப வேண்டும். வராது என்றால் வெறும் சைபர் போட்டு நிரப்பலாம், அது சுலபம். மைனஸ் இரண்டை எடுத்துத் தப்பாகச் சைபர் போட்டு நிரப்பினால் அது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சமாக மாறிவிடும்.

அண்ணன் எழுதி அனுப்பிய பெயரைப் பார்த்தேன். எங்கள் வாடிக்கைக் கம்பெனிதான். நிரலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். அந்தப் பெட்டியை அவர்கள் முதலில் செய்தது ரொட்டி அடுப்புக்கு. அடுப்பின் சூடு எந்தக் காலத்தில் மைனஸுக்குப் போகும்? அதனால் யாரோ ஒருவர், "இந்த எண் சைபருக்குக் கீழே போகாது" என்று நிரலில் ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறார். பிறகு அதே நிரலைக் குளிர் அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாக்கை எடுக்க மறந்துவிட்டார்கள். அண்ணன் நக்கலாகச் சொன்னது நக்கல் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் கம்பைலர், அதாவது நிரலை மெஷினுக்கு மாற்றிக் கொடுப்பது, அந்த மாதிரி வாக்குகளைக் கண்டுகொள்ளாது. போன வருஷம்தான் அதை நம்பக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தது நான். நம்பினால் ஒரு கட்டளை மிச்சம். அதற்குக் கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.

அறை சைபருக்கு மேலே இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறை கீழே இறங்கியதும், பெட்டிக்குள் அது கொதிக்கிற சூடாகிவிட்டது. அதனால் மெஷினை ஓட்டு, ஓட்டு என்று விரட்டியிருக்கிறது. எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு விரட்டியிருக்கிறது. கதவுக்கு வெளியே தெரிகிற எண்ணுக்குத் தனி வழி, அதனால் அது சரியாகக் காட்டியது. அண்ணன் நிறுத்தினான் என்பதும், அது மறுபடி ஓடியது என்பதும் சத்தியம்.

என் ஆபீசில் கேட்டால், கம்பைலர் சரியாகத்தான் செய்தது, வாக்குக் கொடுத்தவன் தப்பு என்கிறார்கள். பெட்டிக் கம்பெனியில் கேட்டால், இத்தனை நாள் ஓடியது, நீங்கள் மாற்றியதால் கெட்டது என்கிறார்கள். எழுத்தில் யாருக்கும் எதுவும் தராதே என்று என் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வருவது வரட்டும், எனக்கும் அலுத்துவிட்டது.

இன்னும் ஒன்று அப்பா. உங்கள் ஞாபகம் கத்தி மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கத்தியோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அவன் பதினேழு வயதில் ஒரு மதியம் தூங்கினான். அதற்குப் பிறகு அவன் விழித்திருந்த எந்த நாளும் உங்கள் கணக்கில் வரவில்லை. அம்மா காய்ச்சலோடு கிடந்த நாட்களில் அவன்தான் விழித்திருந்தான். அதில் எந்த லாரியும் தொலையவில்லை என்பதால் உங்களுக்கு அது ஞாபகமில்லை. நான் இவ்வளவு தூரம் வந்தது வேலைக்காக மட்டும் இல்லை.

பாப்பா


மார்ச் 5

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இவன் படித்தான். நிறுத்தி நிறுத்திப் படித்தான். சின்னப் பெட்டி, பெரிய பெட்டி, ரொட்டி அடுப்பு, அறுபத்தைந்தாயிரம் எல்லாம் கேட்டேன். நல்ல கதை.

நீ கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் நீ எழுதியதுதானா? "அண்ணன் தூங்கவில்லை" என்று எடுத்ததுமே வருகிறது. படிக்கிறவன் யார்? அந்த அண்ணன். ரொட்டிப் படம் என்று போன கடிதத்தில் இவன் சொன்னான், இந்தக் கடிதத்தில் அடுப்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டு பத்திரமா என்று அவனிடமே கேட்கிற நிலைமை என்னுடையது. தாளில் இருப்பது எனக்கு எறும்பு வரிசை. இவன் எந்த எறும்பைக் காட்டி எதைச் சொன்னாலும் நான் சரி என்றுதான் சொல்ல வேண்டும்.

இதையும் இவனையே எழுதச் சொல்கிறேன். எழுதுகிறான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

நீ வைத்த தாளை இவன் முதலாளியிடம் கொடுத்தான். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "தங்கச்சி எழுதுது, அண்ணன் கொண்டாந்து குடுக்குறான். தீர்ப்பையும் வீட்லயே எழுதிட்டு வந்திருக்கலாமே" என்றாராம். பிறகு, "உங்கப்பா சொல்லட்டும். அவரு உனக்காக ஒரு நாளும் பேசினதில்ல" என்றாராம்.

அது உண்மைதான். என் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு இருக்கிறது. அதை இந்த வயதில் கெடுத்துக்கொள்ள மாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?

இருபதாம் தேதி போகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை.

அப்பா


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்தின் கடைசியில் உங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். தபாலில் போட்டுவிட்டு, நீங்கள் திட்டி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அவன் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை.

முழங்கால் வலித்தால் வலிக்கட்டும். நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை அம்மாவிடம் போங்கள். அண்ணன் கூட வர வேண்டாம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கச் சொல்லுங்கள். அவன் எதைக் கூட்டினான், எதைக் குறைத்தான் என்று நீங்களே பாருங்கள்.

அண்ணா, இந்த ஒரு கடிதத்தையாவது விடாமல் படி. உன் காலில் விழுகிறேன்.

பாப்பா


மார்ச் 21

பாப்பாவுக்கு,

உன் கடைசிக் கடிதத்தை இவன் முழுதாகப் படித்துவிட்டான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் படித்து முடித்ததும் எழுந்து போய், நீ முன்னால் எழுதிய கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டான்.

நான் படி இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், நண்டு மாதிரி. மருந்துக்கடை அம்மா எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டுப் படித்தாள். ஒரு கையில் கடிதம், ஒரு கையால் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே படித்தாள். இவன் படித்ததும் அவள் படித்ததும் ஒன்றுதான். பெட்டி, அடுப்பு, வாக்கு எல்லாம் அப்படியே இருந்தன. இவன் தனக்கென்று ஒரு சொல்லும் கூட்டவில்லை. கடைசிக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். "பெரியவரே, இதையும் படிக்கணுமா?" என்றாள். படிக்கச் சொன்னேன். இருமல் மருந்து வாங்க வந்த ஆள்கூட இருமாமல் நின்று கேட்டார்.

உன் அம்மா காய்ச்சல் நாட்களை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். டாக்டருடைய செருப்பு ஞாபகம் வருகிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த கிண்ணம் ஞாபகம் வருகிறது. ஈரத் துணியைப் பிழிகிற கை ஒன்று ஞாபகம் வருகிறது. அது யார் கை என்று நான் அப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

மேலே வந்து இவனைக் கேட்டேன், "ஏன்டா அதை மட்டும் விட்ட?"

இவன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் சொன்னான்: "படிக்கிறப்ப கண்ணு சொக்கிருச்சுப்பா."

இவன் என்னிடம் சொன்ன பொய்களில் நான் கையும் களவுமாகப் பிடித்த முதல் பொய் அது.

நேற்று விசாரணை. ஆபீஸ் அறையில் மின்விசிறி கத்துகிறது, பாதி எனக்குக் காதில் விழவில்லை. மேனேஜர் என்னென்னவோ படித்தார். பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தவன் கம்பைலர் என்றான், அது தெரியாது என்றான், மேலே கேட்க வேண்டும் என்றான். எய்தவன் எங்கோ, அம்புதான் அந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. முதலாளி அவர்களை எல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. வேலை நேரத்துல உங்க பையன் தூங்குவானா, மாட்டானா?"

"ஒரு தடவை தூங்கியிருக்கான். பதினேழு வயசுல. லாரி உங்களோடதுதான், உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை?"

"தூங்கல."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, அவன்தான் படிச்சான். நம்பாம வேற ஆளை வச்சுப் படிச்சுப் பாத்தேன். அவனுக்குச் சாதகமா ஒண்ணும் சேக்கல. எனக்கு வலிக்கும்னு ஒரு இடத்தை மட்டும் விட்டிருந்தான். அவ்வளவு கவனமா இருக்கிறவன் தூங்கிட்டு வந்து பொய் சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். பிறகு பெட்டிக்காரனைப் பார்த்து, "மொதல்ல அந்த அடுப்பை என் சுவத்துலேர்ந்து கழட்டுங்க" என்றார். வேறு பெட்டி வருகிறவரை இவனுக்கு வாசலில் வேலை. மேனேஜருக்கு ஏன் போன் செய்யவில்லை என்று இவனுக்கு நல்ல பாட்டு விழுந்தது, அது விழ வேண்டியதுதான். இன்று காலை போய் என் பழைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வந்தான். அதன் ஒரு காலை நான் அந்தக் காலத்திலேயே கொஞ்சம் அறுத்து வைத்தேன், கண் அசந்தால் ஆளைத் தள்ளிவிடும். விழவில்லை என்கிறான். கேட்காமலே சொன்னான்.

வீடு இருக்கிறது. உன் கட்டிலையும் மேசையையும் எங்களுக்காக நகர்த்த வேண்டாம். உன் ஆபீசில் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டார்களா என்று எழுது. அங்கே கஷ்டம் என்றால் இங்கே வா. இரண்டு அறை இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் சுவர் இல்லை.

இன்னும் ஒன்று. இதை இவன் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எழுதுகிறவன் இவன்தான், வேறு வழியில்லை. எழுதிக்கொள்ளடா.

(அப்பா இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொன்னார். சொன்னபடி எழுத வேண்டும் என்றுதான் சத்தியம். ஆனாலும் பாப்பா, அதை என் கையாலேயே எழுத முடியவில்லை. அண்ணன்.)

எழுதிவிட்டாயா என்று கேட்டேன். எழுதிவிட்டேன் என்கிறான். நீ படித்துப் பார்த்துச் சொல்.

அப்பா